பெயர் எழுதப்படாத மருந்து: எல்லாப்பிரகட சுப்பாராவ்

சங்கத் தொகை நூல்களைப் பயில்வோர் ஒரு வியப்பைக் கடந்தே வரவேண்டியுள்ளது. பாடல் கிடைத்துவிட்டது, பாடியவரின் பெயர் கிடைக்கவில்லை. இந்நிலையில், பாட்டினுள்ளே ஒளிர்ந்த ஒரு தொடரையே எடுத்துப் புலவருக்குப் பெயராகச் சூட்டினர் முன்னோர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என இவ்வாறு பெயர் பெற்றோர் பலர். படைத்தவரின் ஊரும் குலமும் மறைந்தன. படைப்பே அவருக்கு முகமாயிற்று. பெயரற்றவரையும் விட்டுவிடாமல் ஓர் அடையாளத்தோடு அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்த பெருந்தன்மை அது.

மருத்துவ உலகில் அத்தகைய தொகுப்பாளர் கையில் அகப்படாமற்போன ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. குழந்தைகளைப் பற்றும் இரத்தப் புற்றுநோயை முதன்முதலாகப் பின்வாங்கச் செய்த மருந்து அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வழங்கப்படும் மாத்திரையும் அங்கிருந்தே வந்தது. எனினும் அம்மருந்துகளை உண்பவருள்ளும் கொடுப்பவருள்ளும் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

பீமாவரம் முதல் திருவல்லிக்கேணி வரை

அன்றைய சென்னை மாகாணத்தில், இன்று ஆந்திர மாநிலத்தின் மேற்குக் கோதாவரிப் பகுதியாக விளங்கும் பீமாவரத்தில், 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. வறுமையும் நோயும் குடிகொண்ட இல்லம் அது. படிப்பில் மனம் பற்றாத சிறுவன், காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்றெண்ணி வீட்டை விட்டு ஓடினான். வழியிலேயே பிடிபட்டு மீண்டான். தாயார் மனந்தளரவில்லை. மகனைப் படிக்கவைத்தே தீருவது என்ற அவருடைய உறுதிதான் பின்னாளைய அறிவியலாளருக்கு முதல் அடித்தளம்.

பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி மாணவராக மூன்றாம் முறையில் தேறினார் சுப்பாராவ். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் அவர் உள்ளம் துறவை நாடியது; இராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயின் இசைவு கிட்டவில்லை. பிறர் துயர் துடைக்க மருத்துவமும் ஒரு வழி என்ற எண்ணத்தோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்தார். காவியுடுக்க இயலாத துறவியாகவே அவர் அதன் பின்னும் வாழ்ந்தார் எனலாம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவருடைய அறிவுக் கண் திறந்தது சென்னையில்; அவ்வகையில் அவர் நமக்கும் உரியவரே.

கதராடையும் பட்டமும்

படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னர் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் துணைநின்றனர். 1919இல் அவருடைய மகள் சேஷகிரியைச் சுப்பாராவ் மணந்தார்.

நாடெங்கும் காந்தியடிகளின் குரல் ஒலித்த காலம். சுப்பாராவ் அறுவைக் கூடத்திற்குள்ளும் கதராலான மேலங்கியையே அணிந்து சென்றார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சிறப்பாக எழுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் மறுக்கப்பட்டு, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. தம் பெயருக்குப் பின்னால் வரவேண்டிய எழுத்துக்களைப் பிறர் மாற்றியெழுதிய நிகழ்ச்சி அவர் வாழ்வில் இதுவே முதல், இறுதியன்று.

இதனினும் கொடிய அடி இல்லத்தில் விழுந்தது. உண்ட உணவு உடலில் ஒட்டாமல், ஓயாக் கழிச்சலும் சோகையுமாக உருக்கிக் கொல்லும் ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர் எட்டு நாள் இடைவெளிக்குள் பலியாயினர். சுப்பாராவையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத அறிஞர் ஆசண்ட இலட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் பிழைத்தார். பின்னர் இலட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராகவும் பணியாற்றினார். உடன்பிறந்தாரைக் கொண்டுபோன சோகைக்குக் காரணம் என்ன, அதை மாற்றும் பொருள் எங்கே உள்ளது என்ற வினா அவரைக் கடல் கடக்கச் செய்தது.

பாஸ்டன் நகரில்

காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையும் மாமனாரும் அளித்த பொருளுதவியோடு 1920களின் தொடக்கத்தில் சுப்பாராவ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். கருவுற்றிருந்த மனைவியை விட்டுச் சென்றார். பிறந்த ஆண் மகவு ஓராண்டு நிறையுமுன்னரே இறந்தது. தந்தை மகன் முகத்தைக் கண்டதில்லை. கணவன் மனைவியிடம் மீண்டதுமில்லை. இருபத்தைந்து ஆண்டு அயலக வாழ்வில் ஒருமுறையேனும் அவர் தாயகம் திரும்பவில்லை.

ஹார்வர்டு மருத்துவக் கல்வி நிலையத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றபோது, வயிற்றுப்பாட்டுக்கு மருத்துவமனையில் இரவுப் பணியாளாக நோயாளிகளின் மலக்கலங்களைக் கழுவினார். பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்பாரின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க இருவரும் 1925இல் வெளியிட்ட முறை உலகெங்கும் பரவியது. ஃபிஸ்க் – சுப்பாராவ் முறை என்றே உயிர்வேதியியல் மாணவர் அதனைப் படிக்கின்றனர். 1927இல் தசையிலுள்ள பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவர்கள் அறிவித்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமன் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்ததும் அதே ஆண்டில்தான். 1930இல் சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆயினும் ஹார்வர்டில் நிலையான பதவி அவருக்கு அளிக்கப்படவில்லை. அங்கே அவருடன் பணிபுரிந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகள் வெளிவராமல் தடுக்கப்பட்டு, பல்லாண்டு கழித்துப் பிறரால் மீண்டும் கண்டறியப்பட வேண்டியதாயிற்று என்றும், ஃபிஸ்கின் பொறாமையே அதற்குக் காரணமாகத் தோன்றியது என்றும் ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். பெயர் அழிக்கப்பட்ட இரண்டாம் நிகழ்ச்சி இது.

நெல்லும் பதரும்

1940இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வகத்திற்குச் சுப்பாராவ் மாறினார். விரைவிலேயே அதன் ஆய்வுத் துறைக்குத் தலைவரானார். தனியொருவராக உழைத்தவர் இப்போது பெருங்குழுவை வழிநடத்தினார். பழைய வினாவையும் உடன்கொண்டு சென்றார்.

அவ்வினாவின் இழை ஏற்கெனவே இந்திய மண்ணில் தொடங்கியிருந்தது. 1928 முதல் பம்பாயில் ஆய்வு செய்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், கருவுற்ற ஏழைப் பெண்களை வாட்டிய சோகையை ஈஸ்ட் சாறு தீர்ப்பதைக் கண்டார். அதிலிருந்த பொருள் இன்னதென அவரால் பிரித்தறிய இயலவில்லை. 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பசலைவகைக் கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். சுப்பாராவின் குழு 1945இல் அதனை ஆய்வகத்திலேயே செய்துகாட்டியது. தம் உடன்பிறந்தாரை மாய்த்த ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. கால் நூற்றாண்டுக்குப் பின் கிடைத்த விடை அது.

விடை கிடைத்த இடத்திலேயே மற்றொரு வினா முளைத்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்கூற்றியலார் சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமில வகைப் பொருள்களை இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு அளித்துப் பார்த்தார். நோய் தணியவில்லை, புற்றணுக்கள் மேலும் விரைந்து பெருகுவதாகவே தோன்றியது. புற்றணு இப்பொருளை நம்பிப் பெருகுகிறதெனில், இதனை அதற்கு எட்டாமற் செய்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் பணியைச் செய்யாத போலிப் பொருள்களைச் சுப்பாராவின் குழு செய்தளித்தது. அவற்றுள் ஒன்றே அமினாப்டெரின்.

உழவர் நாட்டில் வாழும் நமக்கு இதனை விளக்குதல் எளிது. நெல்லும் பதரும் தூரத்தில் ஒன்றே. விதைப்பவன் பதரை நெல்லென்று நம்பித் தூவினால் நாற்றங்கால் வெறும் சேறாகவே கிடக்கும். உயிரணு பிளவுபட்டுப் பெருகுவதற்கு வேண்டிய மரபுப் பொருளை ஆக்க ஃபோலிக் அமிலம் தேவை. அமினாப்டெரின் ஒரு பதர். அதனைப் பற்றிக்கொண்ட நொதி செயலற்றுப்போக, புற்றணுவின் பெருக்கம் நிற்கிறது. உடலில் விரைந்து பெருகும் நல்ல உயிரணுக்களும் இதனால் அடிபடும். வாய்ப்புண்ணும் உடற்சோர்வும் மருந்தோடு வரும் துன்பங்கள்.

நோய் முற்றிய நிலையிலிருந்த 16 குழந்தைகளுக்கு அளித்ததில் 10 பேர் தேறினர் என்ற செய்தியை 1948ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஃபார்பர் குழுவினர் வெளியிட்டனர். அதுகாறும் சில வாரங்களிலோ திங்களிலோ மரணம் என்பதே இந்நோயின் ஒரே முடிவு. இப்போதும் அக்குழந்தைகள் பிழைத்துவிடவில்லை. சில திங்களுக்குப் பின் நோய் மீண்டது. ஆனால் பின்வாங்கவே தெரியாதது எனக் கருதப்பட்ட நோய் ஒருமுறை பின்வாங்கியது.

இரண்டு திங்கள் கடந்ததும், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே இதயம் நின்று இறந்தார். அகவை 53. இறக்கும்வரை அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறையச் சில நாள்களே இருந்தன.

நோயின் வேரைத் தேடி

ஒரு நோயின் காரணம் தெரியாமலே அதற்கு மருந்து கண்டவர் சுப்பாராவ். காரணத்தைத் தேடிய கதை வேறு பாதையில் நடந்தது. இருபாதையும் பின்னர் ஓரிடத்தில் கூடின.

கோழிகளைப் பற்றும் இரத்தப் புற்றை உயிரணுவே இல்லாத வடிநீரால் மற்றொரு கோழிக்குக் கடத்தலாம் என 1908இல் டென்மார்க்கில் எல்லர்மன், பேங்க் இருவரும் காட்டினர். கோழியின் வேறொரு புற்றுக்கு வைரஸ் காரணமாவதை 1911இல் பேட்டன் ரௌஸ் நிறுவினார். உலகம் இதனைப் பொருட்படுத்த அரைநூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1966இல்தான் ரௌஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் தோன்றும் பர்க்கிட் புற்றிலிருந்து 1964இல் எப்ஸ்டீன் – பார் வைரஸ் கண்டறியப்பட்டது. 1977இல் ஜப்பானிய மருத்துவர் தகாட்சுகியும் அவர் குழுவினரும் முதியோரைப் பற்றும் அரிய இரத்தப் புற்று ஒன்றை விவரித்தனர். 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் குழு எச்.டி.எல்.வி. 1 என்னும் வைரஸை அறிவித்தது. ஜப்பானின் தென்பகுதியில் மிகுந்து காணப்படும் அப்புற்றுக்கு அவ்வைரஸே காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மனிதரில் வைரஸால் இரத்தப் புற்று விளைவதற்கு இது முதற்சான்று.

அவ்வைரஸ் பெரும்பாலும் தாய்ப்பால் வழியே குழந்தையை அடைகிறது. பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, அதனை ஏந்தியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர் என்னும் சிறு பகுதியினரிடத்தே மட்டும் புற்றாக விழிக்கிறது. ஆகவே வைரஸ் புகுதல் வேறு, நோய் விளைதல் வேறு. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் வகைக்கோ எந்த ஒரு வைரஸும் காரணமென நிறுவப்படவில்லை. இரத்தப் புற்றுற்ற குழந்தையைத் தொட அஞ்சியும், தாயின் மீது பழி சுமத்தியும் பேசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் உண்டு. இந்நோய் தொட்டால் ஒட்டுவதன்று; தாய் செய்த பிழையாலும் வருவதன்று.

இரு பாதைகளும் கூடிய இடம் ஆப்பிரிக்கா. 1960களின் தொடக்கத்தில் உகாண்டாவில் டெனிஸ் பர்க்கிட், தாம் விவரித்த தாடைப் புற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் மருந்தை அளித்து, கட்டிகள் கரைவதைக் கண்டார். மெத்தோட்ரெக்சேட் அமினாப்டெரினின் உடன்பிறப்பு. சுப்பாராவின் ஆய்வகத்தில் பிறந்ததே.

நம் ஊர்களில்

1993 வரை தென்னார்க்காட்டில் அடங்கியிருந்த விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்கள் யானைக்கால் நோயை நன்கறிந்தவை. அந்நோய்க்கு வழங்கும் டையெத்தில்கார்பமசீன் என்னும் மருந்து, 1947இல் சுப்பாராவின் ஆய்வகம் ஹெட்ரசான் என்னும் பெயரில் அளித்த கொடை. ஆண்டுக்கொரு நாள் வீடு வீடாக வந்து கண்முன்னே விழுங்கச் செய்த அம்மாத்திரையை இப்பகுதியில் உண்ணாதவர் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்க்கு இரும்புச் சத்தோடு கலந்து தரும் ஃபோலிக் அமிலமும் அவர் கை தொட்டதே.

மூன்றாவதாக மெத்தோட்ரெக்சேட். சென்னை அடையாற்றில் 1954இல் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த புற்றுநோய் நிலையத்திற்கும், புதுவை ஜிப்மர் மருத்துவமனைக்கும் இவ்வட்டாரத்துப் பெற்றோர் தம் குழந்தைகளைத் தூக்கிச் செல்கின்றனர். தனியொரு மருந்தால் சில திங்கள் மட்டுமே தணிந்த நோய், பல மருந்துகளை முறையாகச் சேர்த்தளித்தபோது தோற்கத் தொடங்கியது. வளர்ந்த நாடுகளில் இன்று இவ்வகைப் புற்றுற்ற குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் அளவில் பிழைக்கின்றனர். இங்கே அவ்வளவு இல்லை. நோயை அறிவதில் தாமதமும், இடையில் சிகிச்சையை நிறுத்திவிடுதலும் காரணங்களுள் முதன்மையானவை. நோய் தணிந்த பின்னும் ஓரிரு ஆண்டுகள் தொடர்ந்து உண்ணவேண்டிய மாத்திரைகள் இரண்டு. ஒன்று, சுப்பாராவ் குழுவின் மெத்தோட்ரெக்சேட். மற்றொன்று, ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் உருவாக்கிய மெர்காப்டோபியூரின். ஹார்வர்டில் பக்கத்து மேசைகளில் உழைத்த இருவரின் கண்டுபிடிப்புகள் ஒரு குழந்தையின் உடலில் மீண்டும் கூடுகின்றன.

பெயரின்மை இருவகை

சுப்பாராவ் விளம்பரத்தை வெறுத்தவர்; பத்திரிகையாளரை அணுகவிடாதவர்; கண்டுபிடிப்பின் பெருமையைக் குழுவினருக்கு விட்டுக்கொடுத்தவர். அவர் காலத்தில் அங்கே பெஞ்சமின் டக்கர் கண்ட ஆரியோமைசின் டெட்ராசைக்ளின் வகை எதிருயிரி மருந்துகளுள் முதலாவது. அதன் புகழை அவர் பங்கு கேட்கவில்லை. இவையனைத்தும் உண்மை. ஆதலால் அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் அடக்கத்தின் உருவமாக அவரைப் போற்றி முடித்துவிடுகின்றனர்.

இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். தானே துறந்த பெயர் ஒன்று. பிறர் பறித்த பெயர் மற்றொன்று. பத்திரிகையாளருக்கு முகம் காட்டாதது அவருடைய துறவு. பட்டம் தாழ்த்தப்பட்டதும், ஆய்வு முடிவு தடுக்கப்பட்டதும், நிலையான பதவி மறுக்கப்பட்டதும் துறவல்ல, அநீதி. இரண்டையும் அடக்கம் என்னும் ஒரே சொல்லால் மூடுவோமாயின், பறித்தவருக்கே நாம் துணைபோனவராவோம்.

மூன்றாவது பெயரின்மையும் ஒன்றுண்டு. கணவரின் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரிக்கு மேல் இடம்பெறாத சேஷகிரி, மகவை இழந்து, வராத கணவருக்காகக் காத்திருந்தார். அவர் எதையும் துறக்கவில்லை. எதுவும் அவரிடம் கேட்கப்படவுமில்லை. பிறர் குழந்தைகளைக் காத்த பெருவாழ்வின் செலவுக் கணக்கில் அவருடைய இளமையும் ஒரு தொகை. பெரியோரைப் போற்றும்போது இக்கணக்கையும் எழுதுதல் வாழ்க்கை வரலாற்றின் கடமை என்பது என் துணிபு.

1953இல் பூஞ்சைக் காளான் இனம் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிட்டு அறிவியலார் அவரை நினைந்தனர். 1995இல் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. மருந்துச் சீட்டில் மட்டும் அவர் பெயர் இல்லை, இருக்க வழியுமில்லை.

பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேணிவரும் நம் இலக்கிய வட்டத்தினருக்கு இவ்வரலாறு அயலானதன்று. மலர்களில் பெயர் வராமல் மெய்ப்புத் திருத்தியவர்கள், அரங்கின் நாற்காலிகளை அடுக்கியவர்கள், எழுதியும் வெளியிடத் துணியாமல் ஏட்டிலேயே கவிதைகளை முடித்துக்கொண்ட பெண்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் யார் தாமே விலகி நின்றவர், யாரை நாம் விலக்கி நிறுத்தினோம் என்பதை இந்த நிறைவாண்டில் கேட்டறிவோமாக. பெயர் தெரியாத புலவரையும் ஒரு தொடரால் அழைத்துத் தம்மோடு உட்காரவைத்த தொகுப்பாளர்களின் வழித்தோன்றல்கள் நாம். திண்டிவனத்திலிருந்து புதுவைப் பேருந்தில் குழந்தையோடு செல்லும் ஒரு தாயின் கைப்பையிலுள்ள மஞ்சள் மாத்திரையைச் சுட்டி, இதனைச் செய்தவர் நம் மாகாணத்தில் படித்த சுப்பாராவ் என்று சொல்ல நம்முள் சிலரேனும் இருத்தல் வேண்டும்.